நாற்றம் சபைக்கு வந்த பிறகு!

1858-ஆம் ஆண்டுக் கோடை. லண்டன் பார்லிமெண்டு மாளிகை. ஜன்னல் திரைகளில் குளோரைடு சுண்ணாம்பைத் தோய்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மந்திரிமார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு ஓடுகிறார்கள். காரணம்? மாளிகையை உரசிக்கொண்டு ஓடும் தேம்ஸ் நதி நாறுகிறது!

தோழர்களே, அந்த நதி அன்றைக்குத்தானா நாறத் தொடங்கிற்று? 1848-49-ல் காலரா லண்டனில் 14,000 பேருக்கு மேல் வாரிக்கொண்டு போயிற்று. 1853-54-ல் மேலும் 10,000 பேருக்கு மேல். சந்து பொந்துகளில் நெருக்கியடித்து வாழ்ந்த பாட்டாளிகள் கூட்டம் கூட்டமாய்ச் செத்தார்கள். அப்போதெல்லாம் கமிட்டிகள் கூடின, கலைந்தன. நாற்றம் சபைக்குள்ளேயே நுழைந்ததும், பதினெட்டே நாளில் மசோதா சட்டமாகிவிட்டது! பணம்? 30 லட்சம் பவுன்!

திட்டம் ஏற்கெனவே ஒருவர் கையில் தயாராக இருந்தது. அவர்தான் ஜோசப் பஸால்ஜெட். 1819-ல் பிறந்தவர், கடற்படை அதிகாரியின் மகன். ரயில் பாதை வேலையில் ஓயாது உழைத்து, 1847-ல் உடல் நொறுங்கிப் படுத்தவர். எழுந்து வந்து 1849-ல் சாக்கடைக் கமிஷனில் சேர்ந்தார். அவருக்கு முன் தலைமை எஞ்சினீயராக இருந்தவர் வேலைச் சுமையிலேயே மாண்டார். அந்த நாற்காலியில்தான் இவர் உட்கார்ந்தார்.

நோய் எங்கே இருந்தது? முன்பு வீட்டுக்கு வீடு மலக்குழி இருந்தது. அள்ளுவோர் வயல்களுக்குக் கொண்டு போனார்கள். தண்ணீர்க் கக்கூசு வந்தது, குழிகள் வழிந்தன. எல்லாவற்றையும் சாக்கடையில் சேர் என்றார்கள் அதிகாரிகள். சாக்கடையோ ஊர் நடுவே நதியில் விழுந்தது. கடல் ஏற்றம் அதைத் திரும்ப ஊருக்கே தள்ளிற்று. குடிதண்ணீர்க் கம்பெனிகள் அதே நதியில் நீர் இறைத்து விற்றன!

பஸால்ஜெட் செய்தது இதுதான். நதியில் விழப்போகும் சாக்கடைகளைக் குறுக்கே மறித்து, கரைக்கு இணையாக 82 மைல் பெருங்கால்வாய்களைப் பூமிக்குள் அமைத்தார். மைலுக்கு 2 அடி சரிவு. கழிவு தன் பாரத்தாலேயே கிழக்கே ஓடும். தாழ்ந்த இடங்களில் நீராவிப் பம்புகள் தூக்கிவிடும். ஆபி மில்ஸ் நிலையத்தில் மட்டும் 36 அடி உயரத்துக்கு! செங்கல் 31 கோடிக்கு மேல். அன்றைக்குப் புதுசான போர்ட்லண்டு சிமெண்டை, சோதித்துப் பார்த்த பிறகே வாங்கினார். மண்ணைத் தோண்டியவர்கள், செங்கல் அடுக்கியவர்கள் ஆயிரமாயிரம் பேர். பஸால்ஜெட்டுக்கு நதிக்கரையில் சிலை உண்டு. அவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்?

1865-ல் இளவரசர் வந்து திறந்து வைத்தார். அடுத்த ஆண்டே காலரா திரும்ப வந்தது. கிழக்கு லண்டனில், கால்வாய் இன்னும் எட்டாத தொழிலாளர் பகுதியில், 5,000 பேருக்கு மேல் பலியானார்கள். இணைப்புப் பெற்ற பகுதிகள் பெரும்பாலும் தப்பின. காலராவைப் பரப்புவது தண்ணீர் என்று டாக்டர் ஜான் ஸ்நோ 1854-லேயே காட்டியிருந்தார். பஸால்ஜெட்டோ கெட்ட காற்றே காரணம் என்று நம்பிய கூட்டத்தில் ஒருவர். ஆனாலும் அவர் கால்வாய்தான் உயிர்களைக் காத்தது.

குறை இல்லையா? உண்டு, பெருங்குறை! கழிவை அவர் சுத்தம் செய்யவில்லை. ஊருக்குக் கிழக்கே கொண்டுபோய் அதே நதியில், கடல் வற்றும் நேரம் பார்த்துத் திறந்துவிட்டார். நாற்றம் இடம் மாறிற்று. 1878 செப்டம்பரில், அந்த வாய்க்கு அருகே பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசக் கப்பல் மோதி மூழ்கியது. அப்போதுதான் திறந்துவிட்ட சாக்கடையில் ஆண், பெண், குழந்தைகள் 600 பேருக்கு மேல் மாண்டனர்.

அதன் பிறகே விசாரணைக் கமிஷன் வந்தது. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் கலந்து கசடைப் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் நதிக்கு விடும் முறை 1880-களின் கடைசியில் தொடங்கிற்று. கசடைக் கடலுக்குச் சுமக்க 1887-ல் ஒரு கப்பலும் வந்தது. பஸால்ஜெட் 1891-ல் இறந்தார். அந்தக் கசடுக் கப்பலுக்கு, அவர் உயிரோடிருக்கும்போதே, வைத்த பெயர் பஸால்ஜெட்! கடலில் கசடு கொட்டும் அந்த வழக்கம் 1998-ல்தான் நின்றது.