பேனாகூட இல்லாமல் 20 நிமிடத்தில்... உங்கள் போனுக்கு வழி சொன்ன பேராசிரியர்!

1957-ம் வருடம். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கல்யாணம். அந்த ஊர் வழக்கப்படி திருமணப் பதிவில் மாப்பிள்ளை என்ன தொழில் செய்கிறார் என்று எழுத வேண்டும். இளம் மாப்பிள்ளை 'புரோகிராமர்' என்றார். நகராட்சி அதிகாரிகள் ஏற்கவில்லை. அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் 'கோட்பாட்டு இயற்பியலாளர்' என்று பதிவானது.

இன்னிக்கு உங்க தெருவிலேயே நாலு புரோகிராமர் இருப்பாங்க. ஆனால், பேரே இல்லாத ஒரு வேலையை நம்பி வாழ்க்கையை ஒப்படைத்து, அதற்கு ஒரு மரியாதையையும் வாங்கித் தந்த அந்த மாப்பிள்ளையைத் தெரியுமா? அவர்தான் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

வக்கீல் கனவு... கம்ப்யூட்டர் வாழ்க்கை!

1930-ல் ராட்டர்டாமில் பிறந்தவர். அப்பா வேதியியல் ஆசிரியர், அம்மா கணிதம் படித்தவர். சட்டம் படித்து ஐ.நா. சபையில் தன் நாட்டுக்காகப் பேச வேண்டும் என்பதுதான் சின்ன வயசு ஆசை. ஆனால், பள்ளி இறுதியில் கணிதத்திலும் அறிவியலிலும் எக்கச்சக்க மார்க். திசை மாறியது. லெய்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சேர்ந்தார்.

1951-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மூன்று வார புரோகிராமிங் வகுப்புக்குப் போனார். அடுத்த வருடமே ஆம்ஸ்டர்டாமின் கணித மையத்தில் பகுதி நேர வேலை. படிப்பு ஒருபக்கம், புரோகிராமிங் ஒருபக்கம். எதை விடுவது என்ற குழப்பம். நியாயமான பயம்தான். இயற்பியல் என்றால் ஊரே மதிக்கும். புரோகிராமிங் என்றால், அதில் என்ன பெரிய அறிவு இருக்கிறது என்று யாராவது கேட்டால் பதில் சொல்லக் கையில் எதுவும் இல்லை.

மையத்தின் கணிப்புப் பிரிவுத் தலைவர் வான் வெய்ன்கார்டனிடம் போய் மனதில் இருப்பதைக் கொட்டினார். கம்ப்யூட்டர்கள் எங்கேயும் போகப்போவதில்லை, இந்தத் துறைக்கு மரியாதை தேடித் தருகிற ஆளாக நீயே ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டார் அவர். டைக்ஸ்ட்ரா இயற்பியல் படிப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டு, முழுநேர புரோகிராமர் ஆனார்.

காபி டேபிளில் பிறந்த கணக்கு

1956. கணித மையத்தில் 'ஆர்மாக்' என்ற புது கம்ப்யூட்டர் தயார். திறப்பு விழாவில் பொதுமக்களுக்கும் புரிகிற மாதிரி அதற்கு ஒரு வேலை கொடுத்துக் காட்ட வேண்டும். இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி எது? இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஒருநாள், வருங்கால மனைவி மரியாவுடன் ஷாப்பிங் போய்க் களைத்து, ஒரு கஃபேயில் காபி குடிக்க உட்கார்ந்தார். கையில் பேனா, பேப்பர் எதுவும் இல்லை. அந்த 20 நிமிடத்தில் விடை முழுசாக மனசுக்குள்ளேயே உருவாகிவிட்டது.

ரொம்ப சிம்பிள். ராட்டர்டாமில் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நேரடிச் சாலை உள்ள ஊர்களின் தூரத்தைக் குறியுங்கள். அதில் எது குறைவோ, அந்த ஊரின் தூரத்தை முடிவு செய்துவிடலாம். ஏன்னா, வேறு எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் அதைவிடக் கூடத்தான் ஆகும். இப்போது அந்த ஊரிலிருந்து அடுத்த ஊர்களைப் பாருங்கள். முன்பு குறித்ததைவிடக் குறைந்த தூரம் கிடைத்தால், பழையதை அழித்துப் புதியதை எழுதுங்கள். முடிவாகாத ஊர்களில் மறுபடி மிகக் குறைவானதை எடுங்கள். இப்படியே போனால் சேர வேண்டிய ஊர் வந்துவிடும்.

விழாவுக்கு 64 ஊர்கள் கொண்ட நெதர்லாந்து வரைபடத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். ஆனால், கட்டுரையாக வெளியிட மூன்று வருடம் ஆனது. 1959-ல் வந்த அந்தச் சின்னக் கட்டுரையின் வழிமுறைதான் இன்றும் இன்ஜினீயரிங் மாணவர்களின் பாடத்தில் இருக்கிறது. மேப் ஆப்கள் வழி தேடுவதும், பெரிய நெட்வொர்க்குகளில் டேட்டா பாதை பிடிப்பதும் இதன் அடிப்படையில் வளர்ந்த முறைகளால்தான்.

தாடி ரகசியம்

1960-ல் நண்பர் யாப் சோனவெல்டுடன் சேர்ந்து ஆல்கால் 60 என்ற மொழிக்கு கம்பைலர் எழுதினார். வேலை முடியும்வரை ஷேவ் பண்ணுவதில்லை என்று இரண்டு பேரும் சபதம். முடிந்ததும் நண்பர் தாடியை எடுத்துவிட்டார். டைக்ஸ்ட்ராவோ கடைசிவரை தாடியுடனே இருந்துவிட்டார்.

1962-ல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஒரே நேரத்தில் பல புரோகிராம்கள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளாமல் ஓட, ரயில்வே கைகாட்டி மாதிரி 'செமஃபோர்' என்ற யோசனையைக் கொண்டுவந்தார். ஒருத்தர் உள்ளே இருந்தால் இன்னொருத்தர் வெளியே காத்திருக்கணும். அவ்வளவுதான். உங்க போனில் பாட்டும் டவுன்லோடும் சேர்ந்து ஓடுவதற்குப் பின்னால் இந்த யோசனையும் இருக்கிறது.

1968-ல் 'கோ டூ' கட்டளைக்கு எதிராக ஒரு கடிதம் எழுதி, துறையில் பெரிய சண்டையையே கிளப்பினார். புரோகிராம் நினைத்த இடத்துக்கெல்லாம் தாவினால், படிப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது என்பது அவர் வாதம். எழுதியவருக்கே புரியாத கோட் சரியாக ஓடுகிறது என்று யார் பொறுப்பேற்பது? டெஸ்ட் செய்து பார்த்தால் தப்பு இருப்பது தெரியலாம். தப்பே இல்லை என்று அது நிரூபிக்காது என்பதையும் வலியுறுத்தினார்.

1972-ல் கம்ப்யூட்டர் துறையின் மிக உயரிய டியூரிங் விருது கிடைத்தது. எந்தத் தொழில் இல்லவே இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்களோ, அதே தொழிலுக்காக! ஏற்புரையில் அந்தக் கல்யாணக் கதையையும் சொன்னார். மனித மூளைக்கு எல்லை உண்டு, அதை உணர்ந்து அடக்கத்தோடு எழுதுங்கள் என்பதே அவர் பேச்சின் சாரம்.

டி.வி. இல்லாத வீடு

1984-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வீட்டில் டி.வி. இல்லை. மை பேனாவால் அழகான கையெழுத்தில் குறிப்புகள் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துச் சிலருக்கு அனுப்புவார். அவர்கள் அதை ஜெராக்ஸ் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்புவார்கள். அந்தக் காலத்து ஃபார்வர்டு! அப்படி 1,300-க்கும் மேற்பட்ட குறிப்புகள். பியானோ வாசிப்பார். மனைவியுடன் வேனில் தேசியப் பூங்காக்களைச் சுற்றுவார். வேனுக்கு வைத்த பெயர் 'டூரிங் மெஷின்'. டியூரிங்கை டூரிங் ஆக்கிய குறும்பு!

எல்லோருக்கும் பிடித்தவர் என்று சொல்ல முடியாது. பிடிக்காத மொழிகளையும் முறைகளையும் தயவு பார்க்காமல் விமர்சித்ததால் நிறையப் பேரின் கோபத்தைச் சம்பாதித்தார். ஒவ்வொரு புரோகிராமையும் கணிதம்போல நிரூபித்து எழுத வேண்டும் என்ற அவர் ஆசையை ஐ.டி. உலகம் பெரும்பாலும் பின்பற்றவும் இல்லை.

ஆனால், அவர் காத்திருக்கத் தெரிந்தவர். குழம்பிப் போனாலும் தானாகவே சரியான நிலைக்குத் திரும்பும் கம்ப்யூட்டர் அமைப்புகளைப் பற்றி 1974-ல் ஒரு கட்டுரை எழுதினார். பல வருடங்கள் அதைக் கவனித்தவர்கள் குறைவு. 2002-ல் அதற்கு விருது கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6-ம் தேதி, நெதர்லாந்தில் நூனன் என்ற ஊரில் புற்றுநோயால் காலமானார். வயது 72. அடுத்த வருடம் அந்த விருதுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

அந்த 20 நிமிட கணக்கு ஏன் அவ்வளவு எளிமையாக வந்தது என்பதற்கு அவரே ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். கையில் பேனா, பேப்பர் இல்லாததால் தேவையில்லாத சிக்கலையெல்லாம் தவிர்த்தே ஆக வேண்டியிருந்ததாம். இன்று ஏ.ஐ.-யிடம் கேட்டால் நொடியில் கோட் வந்து விழுகிறது. அது சரிதானா என்று பார்க்கும் பொறுப்பு மட்டும் இன்னும் உங்களிடம்தான். அடுத்த தடவை ஒரு சிக்கல் வந்தால், லேப்டாப்பைத் திறக்கும் முன் ஒரு காபி ஆர்டர் பண்ணிட்டு, 20 நிமிடம் சும்மா யோசிச்சுப் பாருங்களேன்!