பொகீமியக் கண்ணாடிக் கலைஞர் எகர்மன்

பொகீமியக் கண்ணாடியைப் புகழ்வோர் பெரும்பாலும் அதன் தெளிவையும், அதில் அமைந்த வெட்டு வேலையின் நுட்பத்தையுமே எடுத்துரைப்பர். அக்கண்ணாடி மதிப்பிழந்து கொள்வாரின்றிக் கிடந்த ஒரு காலமும் உண்டு. அக்காலத்தில் அதன் மேனியிற் பொன்மையும் செம்மையும் ஏற்றி மறுவாழ்வளித்தவர் பிரீட்ரிக் எகர்மன். அவர் வரலாற்றையே இங்குச் சுருக்கி உரைக்கின்றேன். அவர் வாழ்வில் இருமுறை தொழில் இரகசியம் கைமாறியதாகக் கூறுவர். ஒருமுறை கொண்டவர் அவர், மறுமுறை இழந்தவரும் அவரே. அவ்விரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி அவரை விளங்கிக்கொள்ளுதல் அரிது என்பது என் கருத்து.

முதலில் அவர் பிறந்த நாட்டைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இன்று செக் குடியரசு எனப்படும் நாட்டின் மேற்குப் பாகமே பொகீமியா. அதன் எல்லைமலைகளில் மண்டிக்கிடந்த காடுகளே அந்நாட்டுக் கண்ணாடித் தொழிலுக்குத் தாயாயின. உலைக்கு விறகும், உருக்குதற்கு வேண்டிய காரத்துக்குச் சாம்பலும் அக்காடுகளே தந்தன. குவார்ட்சுக் கல்லுக்கும் குறைவில்லை. உரோமப் பேரரசர் இரண்டாம் உருடோல்பு பிராகு நகரிலே அரசிருந்த காலத்தில், காஸ்பர் லேமன் என்னும் மணிவேலைக்காரர், பளிங்குக் கல்லிற் சக்கரங்கொண்டு உருச்செதுக்கும் வித்தையைக் கண்ணாடிக்கு மாற்றினார். 1609ஆம் ஆண்டில் அதற்கு அரச உரிமையும் பெற்றார். அந்நூற்றாண்டின் பிற்கூற்றில், சாம்பற் காரத்தோடு சுண்ணமும் சேர்த்து உருக்கித் தெளிவும் திண்மையும் உடைய கண்ணாடியை ஆக்கினர். மலையிற் கிடைக்கும் பளிங்குக்கு ஒப்பாக இருந்தமையால் அதற்கும் பளிங்கின் பெயரே வாய்த்தது. நம்மவரும் இன்று பளிங்கு என்னும் சொல்லை இவ்வாறே நெகிழவிட்டு வழங்குகின்றோம். வடபொகீமிய வணிகர் அக்கண்ணாடியை வண்டியிலேற்றி ஐரோப்பாவெங்கும் கொண்டு சென்றனர். இசுப்பானியாவின் காதிசுத் துறைமுகத்திலும் அவர்தம் பண்டசாலைகள் இருந்தன.

அச்செல்வம் நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் 1674ஆம் ஆண்டளவில் ரேவன்ஸ்குரொப்ட் என்பவர் தொடங்கிய ஈயக் கண்ணாடி, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியச் சந்தையைக் கவர்ந்துகொண்டது. வெட்டுதற்கு எளிதும் ஒளியிற் சிறந்ததுமான அதனோடு பொகீமியக் கண்ணாடி போட்டியிட இயலவில்லை. அதன்மேல் நெப்போலியப் போர்கள் வந்தன. கடல்வழி வாணிகம் முடங்கிற்று. மலையூர்களில் ஊதுவோரும், வெட்டுவோரும், தீட்டுவோரும் தொழிலின்றி வாடினர்.

எகர்மன் 1777ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5ஆந் திகதி சுலுக்நொவ் என்னும் சிற்றூரிலே பிறந்தார். இளமையிலேயே கிறிப்ஸ்காக் கண்ணாடிச் சாலையில், உலைக்கு முன் நின்று தொழில் கற்றார். ஆயினும் அவர் மனம் ஊதுகுழலைவிடத் தூரிகையிலேயே பதிந்தது. எல்லைக்கு அப்பால், சக்சனி நாட்டு மைசன் நகரிலே, பீங்கானுக்கு வண்ணந்தீட்டும் முறை உயர்நிலை எய்தியிருந்தது. அம்முறையோ அயலாருக்கு மறைக்கப்பட்ட ஒன்று. எகர்மன் பேதைபோல நடித்து அங்கு நுழைந்து, கண்ணாற் கண்டவற்றை உள்ளத்திற் பதித்துக்கொண்டு மீண்டார் என்பர். இக்கதை எவ்வளவு உண்மையோ, எவ்வளவு பிற்காலத்தார் கூட்டியதோ! எனினும் பீங்கான் தீட்டுவோரின் கைந்நுட்பம் அவர்தம் ஆரம்பக் கண்ணாடிகளிலே தெளிவாகக் காணப்படுகின்றது.

பின்னர் அவர் பொலெவ்ஸ்கோ என்னும் ஊரிற் குடியேறினார். சில ஆண்டுகள் கழித்து அண்மையிலிருந்த ஐடா நகருக்குச் சென்றார். மரியா தெரேசா அரசி 1757ஆம் ஆண்டில் நகர உரிமை வழங்கிய ஊர் அது. இன்று நொவி போர் என்பது அதன் பெயர். கண்ணாடியை உருக்குவது காட்டு உலைகளில். அழகு செய்வதோ இவ்வூர்களின் வீடுகளில். தந்தை வெட்ட, தாய் துலக்க, மகன் பொன்முலாம் இடுவான். எகர்மனும் உலை வைத்திருந்தவரல்லர். பிறர் உருக்கிய கண்ணாடியை வாங்கி, அதன் புறத்தே வேலை செய்தவரே அவர். இதனை வற்புறுத்திக் கூறுதற்குக் காரணம் உண்டு. கண்ணாடியின் உள்ளமைப்பை மாற்றி ஆங்கிலேயரை வெல்ல முயலாது, அதன் மேற்பரப்பையே தம் சோதனைக்களமாக அவர் கொண்டமைக்கு இந்நிலையே ஏதுவாயிற்றெனத் தோன்றுகின்றது.

அச்சோதனையின் முதற் பேறு மஞ்சள் நிறம். வெள்ளிச் சேர்க்கையைக் காவிமண்ணோடு குழைத்துக் கண்ணாடிமேற் பூசி, உருகாத அளவான சூட்டிலே சுட்டால், வெள்ளியின் நுண்கூறுகள் கண்ணாடியின் காரத்தை விலக்கிக்கொண்டு அதன் உள்ளே புகும். ஆறியபின் மண்ணைத் துடைத்துவிட்டால், பொன்னிறம் எஞ்சும். தேவாலயச் சாளரங்களுக்கு இம்முறையைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே கையாண்டனர். எகர்மன் 1820ஆம் ஆண்டையொட்டி அதனைக் கிண்ணத்துக்கும் குவளைக்கும் உரியதாக்கினார். அடுத்து அவர் ஆக்கியது லித்தியாலின் எனப்பட்டது. தென்பொகீமியாவிற் புக்குவா பிரபு 1817ஆம் ஆண்டில் ஒளிபுகாத கருங் கண்ணாடியை வெளியிட்டிருந்தார். எகர்மன் ஒளிபுகாக் கண்ணாடிமேற் பல நிறச் சாயங்களை ஏற்றிச் சுட்டு, பின் வெட்டிப் பல படைகளும் தோன்றுமாறு செய்தார். வரியோடிய மணிக்கல்லைக் குடைந்து செய்ததுபோன்ற அப்பாத்திரங்கள் 1820களின் இறுதியிலே செல்வர் மனைகளை அலங்கரித்தன. அவற்றின் புகழ் சில ஆண்டுகளே நீடித்தது.

நிலைத்த புகழைத் தந்தது செந்நிறம். செங்கண்ணாடி அதற்கு முன்னரும் இருந்தது. குங்கெல் என்பவர் பதினேழாம் நூற்றாண்டிலே பொட்சுதாம் நகரில் தங்கம் சேர்த்து அதனை ஆக்கினார். தங்கம் சேர்ந்த பொருளை ஏழை வீட்டார் எங்ஙனம் வாங்குவர்? எகர்மன் தங்கத்தை விட்டுச் செம்பைக் கைக்கொண்டார். வெள்ளி ஒரு சூட்டிலே நிறங்காட்டும். செம்போ அவ்வளவு எளிதிற் பணிவதன்று. பூசிச் சுட்ட முதற்முறை, வெளிறிய பச்சை சார்ந்த சாயலே தோன்றும். காற்றை அடக்கிப் புகை சூழச்செய்த சூளையில் அதனை மீண்டும் சுடல் வேண்டும். சூடும் புகையும் ஓரளவு தவறினும் நிறம் கருகிவிடும். அவர் எத்தனை குவளைகளைப் பாழாக்கி இந்நெறியைக் கண்டார் என்று எண்ணும்போது, இரசாயனக் கல்வி இத்துணை வளராத காலத்தில் அவர் காட்டிய பொறுமையே என்னை வியக்கவைக்கின்றது. 1832ஆம் ஆண்டில் முயற்சி கைகூடிற்று.

அச்செம்மை கண்ணாடியின் மேற்பரப்பிலே மிக மெல்லிய படையாகவே நிற்கும். சக்கரத்தாற் சிறிது செதுக்கினாலும் அடியிலுள்ள தெளிந்த கண்ணாடி வெளிப்படும். செந்நிறப் புலத்திலே வெண்மான் ஓட, வெண்கோட்டை நிமிர, வெண்கொடி படர, மலிந்த விலையில் அரசர்க்கேற்ற அழகு கிடைத்தது. கார்ல்சுபாடு முதலிய வெந்நீரூற்று நகரங்களுக்கு நோய் தீர வந்தோர், அந்நகரக் காட்சிகள் செதுக்கிய செங்கிண்ணங்களை நினைவுப் பொருளாகக் கொண்டு சென்றனர். சோர்ந்திருந்த பட்டறைகள் மீண்டும் ஒலித்தன.

எகர்மன் தம் சூத்திரத்தைப் பொருளெனப் பொதிந்து காத்தார். ஆயினும் அது களவுபோயிற்று என்பர். சில காலத்துள் அயற்பட்டறைகளெல்லாம் செந்நிறம் ஏற்றத் தொடங்கின. முதியவருக்கு அது பேரிழப்பு. அவர் மனம் புண்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. மைசன் கதையை நினைந்து, வினை விளைந்தது எனச் சிலர் நகைப்பர். யான் அவ்வாறு நகைக்கமாட்டேன். கண்ணாற் கண்டு கற்று, பல்லாண்டு உழைத்துப் புதியதொன்றை ஆக்குதல் வேறு. முடிந்த சூத்திரத்தை அப்படியே கவர்தல் வேறு. எனினும் மறுக்கவொண்ணாத ஒன்றுண்டு. அச்சூத்திரம் ஒரு வீட்டில் அடைபட்டிருந்தவரை ஒரு வீடே வளர்ந்தது. பரவியபின் அம்மலையடிவாரத்துச் சிற்றூர்கள் பலவும் அதனால் உண்டு உடுத்தன. திருடியவன் இதனைக் கருதித் திருடினானல்லன். அவனுக்கு நாம் நன்றி கூற வேண்டுவதுமில்லை.

எகர்மன் 1864ஆம் ஆண்டின் முதல் நாளில், எண்பத்தாறு வயது நிரம்பியவராய், ஐடாவிலே காலமானார். வீட்டில் ஒளித்துக் கற்பித்த தொழிலைப் பாடசாலையிலே பலர்க்கும் கற்பிக்கும் நாளும் வந்தது. அண்மையிலுள்ள கமெனிச்கி செனொவ் நகரில் 1856ஆம் ஆண்டிலும், ஐடாவில் 1870ஆம் ஆண்டிலும் கண்ணாடித் தொழிற் கல்லூரிகள் எழுந்தன. ஆசிரியத் தொழிலில் உள்ள எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது.

பின் வந்த துன்பங்களும் பல. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், அப்பகுதியில் ஜேர்மன் மொழி பேசிய மக்கள் வெளியேற்றப்பட்டனர், பட்டறைகள் அரசுடைமையாயின. வெளியேறியோருட் சிலர் மேற்கு ஜேர்மனியின் இரைன்பாக் நகரில் மீண்டும் சாணைச் சக்கரம் ஏற்றினர். எஞ்சிய செக் கலைஞர் வளர்த்த கண்ணாடிக் கலை 1958ஆம் ஆண்டில் பிரசல்சு உலகக் கண்காட்சியில் உலகின் பாராட்டைப் பெற்றது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில், செக் நாடு உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய நாடுகளின் கைவினைக் கண்ணாடித் தொழிலை யுனெஸ்கோ நிறுவனம் மானிட மரபுச் செல்வப் பட்டியலிற் சேர்த்தது.

எகர்மனின் செங்கிண்ணங்களை இன்று அரும்பொருட்சாலைகள் பல பேணுகின்றன. அவர் தம் பெயர் பொறித்தவை அரியன. சூத்திரம் பரவியபின் அவர் செய்ததையும், அயல்வீட்டார் செய்ததையும் பிரித்தறிதல் கற்றோர்க்கும் கடினமாயிற்று. ஆகவே பல கிண்ணங்களின் கீழ், எகர்மன் அல்லது அவர் முறையைப் பின்பற்றியோர் என்றே எழுதி வைத்திருக்கின்றனர்.