தீட்சிதரின் காஞ்சி ஆண்டுகள்

காஞ்சிபுரம் என்றவுடன் பட்டும் கோயில்களும் நினைவுக்கு வருகின்றன. கர்நாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் சில ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார் என்பதைப் பலர் அறியார்.

1775-இல் திருவாரூரில் பிறந்தவர் அவர். தந்தை ராமசாமி தீட்சிதர், ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர். சென்னையை அடுத்த மணலியில் வளர்ந்த முத்துசாமி, சிதம்பரநாத யோகியுடன் காசிக்குச் சென்றார். வேதாந்தமும் ஸ்ரீவித்யை உபாசனையும் வீணையும் அங்கே அவருக்கு வசமாயின. திரும்பியபின் திருத்தணியில் முருகனைப் பாடத் தொடங்கி, குருகுகன் என்பதையே தம் முத்திரையாக்கினார்.

அதன் பின்னரே காஞ்சி வாசம். அங்கே 108 உபநிடதங்களுக்கு உரை கண்ட உபநிஷத் பிரம்மேந்திரர் என்னும் துறவியின் தொடர்பு கிடைத்தது. அத்துறவியின் ராமாஷ்டபதிக்குத் தீட்சிதர் இசையமைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. அந்த இசை இன்று நம்மிடம் இல்லை.

எஞ்சியிருப்பவற்றுள் தலையாயது, ஏகாம்பரநாதர் மீது பைரவி ராகத்தில் அவர் இயற்றிய கீர்த்தனை. ஐம்பூதத் தலங்களுள் மண்ணுக்குரியது அக்கோயில். மாமரத்தடியில் எழுந்தருளிய இறைவனைத் தியானிக்குமாறு மனத்திற்குச் சொல்வது அப்பாடல். அதன் விளம்ப நடையில் தியானம் என்னும் சொல்லின் பொருளை விளக்க வேண்டியதே இல்லை. கேட்பவர் மனம் தானே அடங்குகிறது. அத்வைதியான அவர், காமாட்சியையும் வரதராஜரையும் அதே ஈடுபாட்டுடன் பாடினார். பல வடிவங்களின் வழியே ஒரே பொருளை நாடுவது அவருக்கு வாதமன்று, அன்றாடப் பயிற்சி.

தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அவருடைய தம்பியின் வழிவந்த சுப்பராம தீட்சிதர், எட்டயபுரம் ஜமீனின் ஆதரவோடு 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் 200-க்கும் மேற்பட்ட அவருடைய கீர்த்தனைகள் சுரக்குறிப்புடன் இடம்பெற்றன. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை நான் அழுத்திச் சொல்வேன்: ஞானமும்கூடத் தானாக நிலைப்பதில்லை, அதைக் காக்க உழைப்பும் பொருளும் யாரேனும் செலவிட வேண்டும்.

இன்று இசையை அரங்கிற்கும், தத்துவத்தை வகுப்பறைக்கும், வழிபாட்டைச் சன்னிதிக்கும் பிரித்து வைத்துவிட்டோம். தீட்சிதரிடம் மூன்றும் ஒன்றே. அவருடைய வடமொழிப் பாடல்களை அவை பிறந்த காஞ்சிக் கோயில்களிலேயே, தமிழில் பொருள் சொல்லி, ஆண்டுதோறும் பாடச் செய்யலாம். பட்டு வாங்க வருவோரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கட்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை, மனமே தேவை.