வெயிலை வெளியே நிறுத்தக் கற்றவர்

சண்டிகரில் செக்டர் 1 பக்கம் போய்வந்த நம் அன்பர்களுள் தலைமைச் செயலகக் கட்டடத்தைக் காணாதார் ஒருவரும் இரார். 254 மீட்டர் நீளமும் 42 மீட்டர் உயரமும் உடைய அந்தக் கட்டடத்தின் முகப்பு முழுவதும் தேனடைபோல் கான்கிரீட் கட்டங்கள் நிறைந்திருக்கும். ஊரிலிருந்து வரும் உறவினர் சிலர் அதைப் பார்த்துவிட்டு, வேலை முடியாமல் சாரத்தோடு விட்டுவிட்டார்களோ என்று வினவுவதுண்டு. சாரம் போலத் தோன்றும் அதுவே அக்கட்டடத்தின் உயிர் எனலாம். அதனை அமைத்தவர் அந்தப் பாடத்தைக் கற்க இருபது ஆண்டுகள் ஆயின. கற்பதற்கு முன் அவர் செய்த பிழையின் வெப்பத்தை அனுபவித்தவர்களோ பாரிஸ் நகரத்து ஏழைகள்.

உலகம் லெ கொர்பூசியே என்று அறிந்திருக்கும் அவருடைய இயற்பெயர் ஷார்ல் எதுவார் ழான்னரே. 1887-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், ஸ்விட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற லா ஷோ-த-ஃபோன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கடிகார முகங்களுக்கு மெருகுப்பூச்சு இடுபவர். அன்னையார் பியானோ கற்பிப்பவர். மகனும் கடிகாரக் கூட்டில் சித்திரம் பொறிக்கும் தொழிலையே முதலில் பயின்றார். ஆசிரியர் ஒருவர் அவரைக் கட்டடக் கலையின் பக்கம் திருப்பினார். கல்லூரியில் பயின்று கட்டடக் கலைப் பட்டம் பெற்றவர் அல்லர் அவர். பாரிஸில் பெர்ரே என்பவரிடமும் பெர்லினில் பேரன்ஸ் என்பவரிடமும் பணியாற்றியும், ஊர் ஊராகச் சுற்றிப் படம் வரைந்துமே கற்றார். 1917-இல் பாரிஸில் குடியேறினார். 1920-இல் புதுப்பெயர் பூண்டார். 1930-இல் பிரெஞ்சுக் குடிமகனானார்.

அந்நாளில் அவருக்குக் கண்ணாடியின்மீது அளவிறந்த மோகம். எந்நாட்டுக்கும் ஒரே வகையான கட்டடம் போதும், சாளரங்களே வேண்டா, இயந்திரம் அனுப்பும் காற்று ஆண்டு முழுவதும் ஒரே வெப்பநிலையை நல்கும் என்பது அவர் கொள்கை. வீடற்ற ஏழைகளுக்காக இரட்சணிய சேனையார் பாரிஸில் ஒரு விடுதி கட்டும் பணியை அவரிடம் ஒப்படைத்தபோது, அக்கொள்கையை அங்கே சோதித்துப் பார்த்தார். தெற்கு வெயில் படும் முகப்பு முழுவதும் திறக்கவியலாத கண்ணாடிச் சுவராயிற்று. திட்டப்படி அது இரட்டைக் கண்ணாடியாக இருந்திருக்க வேண்டும். குளிரூட்டும் பொறியும் வேண்டும். பணம் போதவில்லை. கண்ணாடி ஒற்றையாயிற்று, குளிர்ப்பொறி வரவேயில்லை. 1933 டிசம்பரில், குளிர்காலத்தில் திறப்பு விழா நடந்தது. யாவரும் மகிழ்ந்தனர். பின்னர்க் கோடை வந்தது.

கண்ணாடியின் இயல்பு நாம் அறிந்ததே. கதிரவன் ஒளியை உள்ளே விடும். அவ்வொளி தரையிலும் சுவரிலும் பட்டு வெப்பமாக மாறியபின் அதை எளிதில் வெளியே விடாது. வெயிலில் மூடி நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் ஏறியவர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை. அவ்விடுதியில் தாய்மாரும் குழந்தைகளும் தங்கிய அறைகள் கொதித்தன. நகர அதிகாரிகள் திறக்கக்கூடிய சாளரங்களை வைக்கும்படி ஆணையிட்டனர். கொர்பூசியே இணங்க மறுத்து வாதாடினார். பெரியோரிடத்தும் இத்தகைய பிடிவாதம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. முடிவில் சாளரங்கள் வைக்கப்பட்டன.

ஆயினும் அவர் உள்ளம் மாறத் தொடங்கியிருந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வட ஆப்பிரிக்க நகரமான அல்ஜியர்ஸுக்கு 1933-இல் வரைந்த வீடுகளிலேயே, கண்ணாடிக்கு வெளியே நிழல் தரும் தடுப்புகளை அமைத்தார். பிரெஞ்சு மொழியில் இதற்கு ப்ரீஸ்-சொலேய் என்று பெயர்; வெயில் முறிப்பான் எனலாம். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே மறித்துவிடவேண்டும். உட்புறம் திரை தொங்கவிட்டால் வெப்பம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதாகவே பொருள். அந்நகருக்கென்று பின்னர் வரைந்த உயர்ந்த கோபுரக் கட்டடம் முழுவதையும் இத்தடுப்புகளால் போர்த்தினார். அதைக் கட்டுவிக்க, போர்க்காலத்தில் ஜெர்மானியருக்குப் பணிந்து நடந்த விஷி அரசாங்கத்தின் தயவையும் நாடினார். அது அவர் வாழ்வின் கறை. 1942-இல் திட்டம் நிராகரிக்கப்பட்டது.

கருத்து உருப்பெற்றது வேறிடத்தில். 1936-இல் பிரேசில் நாட்டார் ரியோ டி ஜெனிரோவில் கட்டவிருந்த கல்வி, சுகாதார அமைச்சகத்துக்கு அவரை ஆலோசகராக அழைத்தனர். லூசியோ கோஸ்டா, ஆஸ்கார் நீமையர் முதலிய உள்நாட்டுக் கலைஞர்களே அதைக் கட்டி முடித்தவர்கள். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஆதலால் அங்கு நண்பகல் வெயில் பெரும்பாலும் வடக்கிலிருந்து வரும். அவ்வடமுகப்பில், வேண்டியவாறு திருப்பிக்கொள்ளும் கிடைத் தடுப்புகள் பொருத்தப்பட்டன. நியூயார்க்கில் 39 மாடிகளோடு எழுந்த ஐக்கிய நாடுகள் செயலகத்துக்கும் இத்தகைய தடுப்பு வேண்டுமென்று அவர் வற்புறுத்தினார், கேட்பாரில்லை. கிழக்கும் மேற்கும் வெறுங்கண்ணாடியாகவே நின்றன.

1947-இல் நாடு பிரிந்து லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் வேண்டியிருந்தது. முதலில் திட்டமிட்ட ஆல்பர்ட் மேயரின் துணைவர் நொவிட்ஸ்கி 1950-இல் விமான விபத்தில் மாளவே, அதிகாரிகள் தாப்பரும் வர்மாவும் ஐரோப்பா சென்று கொர்பூசியேவை அழைத்தனர். 1951 பிப்ரவரியில் அவர் வந்தார். உறவினர் பியேர் ழான்னரே, ஆங்கிலேயர்களான மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகியோர் உடன் உழைத்தனர். கட்டடம் முழுவதையும் குளிரூட்ட அன்று நாட்டில் பணமில்லை; நிழலும் காற்றுமே துணை. மாதந்தோறும் வெப்பம், ஈரம், காற்று, கதிர்வீச்சு ஆகியவற்றைக் கட்டங்களில் குறித்துத் தீர்வு தேடும் அட்டவணை ஒன்றை அவர் நிலையத்தார் வகுத்தனர்.

கணக்கு எளிது. சண்டிகரில் ஜூன் மாத நண்பகலில் கதிரவன் ஏறத்தாழ 83 பாகை உயரத்தில் நிற்கிறான். டிசம்பரில் 36 பாகைதான். ஆகவே தென்சுவரில் நீட்டிய ஒரு கிடைப்பலகை கோடை வெயிலைத் தடுத்து, குளிர்கால வெயிலை உள்ளே விடும். தாழ்ந்து வரும் காலை மாலை வெயிலுக்குக் கிடைப்பலகை பயன்படாது. செங்குத்தான தடுப்பு வேண்டும். அகமதாபாதில் 1954-இல் முடிந்த ஆலை முதலாளிகள் சங்கக் கட்டடத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். மேற்குத் தடுப்புகள் வெயிலுக்கு முதுகுகாட்டிச் சாய்ந்து நிற்கும். சபர்மதியை நோக்கிய கிழக்குத் தடுப்புகள் ஆற்றுக்காற்றுக்கு வழிவிட்டு நேரே நிற்கும்.

குறையே இல்லையோ எனின், உண்டு. கனத்த கான்கிரீட் பகலெல்லாம் வெப்பத்தை உண்டு மாலையில் உமிழும். நம் ஊர் வீடுகளின் தாழ்ந்த ஓட்டு இறவாரம் வெயிலை மறைப்பதோடு விரைவில் ஆறியும் விடும். அவ்வளவு இலகு இத்தடுப்புகளுக்கு இல்லை. உயர் நீதிமன்றத்திலோ முகப்பில் மழைச்சாரல் அடித்தமையால் பின்னர்த் தாழ்வாரம் சேர்க்க நேர்ந்தது.

செயலகம் 1958-இல் முடிந்தது. இதற்கிடையே, போரில் குண்டுபட்டுக் கண்ணாடி நொறுங்கிய பாரிஸ் விடுதியும் செப்பனிடப்பட்டது. ஒரு காலத்தில் ஒரு சாளரத்துக்கும் இணங்காத அம்முகப்பு, இம்முறை வெயில் முறிப்பான்களைத் தாங்கி எழுந்தது.

1965 ஆகஸ்டு 27-ஆம் நாள் தென்பிரான்சில் கடலில் நீந்தச் சென்றவர், அங்கேயே உயிர் நீத்தார். பாரிஸில் லூவ்ர் அரண்மனை முற்றத்தில் அரசு மரியாதை நடந்தபோது, கிரேக்க நாட்டார் அக்ரோபோலிஸ் மண்ணையும், நம் நாட்டார் கங்கை நீரையும் அஞ்சலியாக அளித்தனர்.