விசில் பாட்டு மட்டும்தான் தெரியுமா? அதுக்கு முன்னாடி இருக்கிற ஓட்டிஸ் ரெடிங்கைக் கேளுங்க!

அந்தப் பாட்டை நீங்க எங்கேயாவது கேட்டிருப்பீங்க. பின்னணியில் கடல் அலை, ஊடே கடற்பறவைகளின் சத்தம், எந்த அவசரமும் இல்லாத ஓர் ஆண் குரல், கடைசியில் ஒரு விசில். காபி ஷாப்பில் ஓடியிருக்கும். 1986-ல் வந்த 'டாப் கன்' படத்திலும் வரும். பாட்டு 'டாக் ஆஃப் தி பே'. பாடியவர் ஓட்டிஸ் ரெடிங். 1968 மார்ச்சில் அது அமெரிக்காவின் நம்பர் ஒன் பாட்டானது. அப்போ அவர் உயிரோடு இல்லை. பாடகர் இறந்த பிறகு ஒரு பாட்டு அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுதான் முதல்முறை.

ஆனா, ஓட்டிஸின் தீவிர ரசிகர்கள்கிட்ட இந்த ஒரு பாட்டை மட்டும் சொல்லிப் பாருங்க. முகம் லேசா மாறும். பாட்டு பிடிக்காம இல்லை. அந்த அமைதியான குரலை மட்டும் கேட்டுட்டு உலகம் நகர்ந்து போயிடுச்சேங்கிற ஆதங்கம். ஏன்னா அவங்க கொண்டாடுற ஓட்டிஸ் வேற ஆள். கெஞ்சுவார், உறுமுவார், மேடையில் காலைத் தரையில் உதைச்சு உதைச்சுப் பாடுவார்.

1941 செப்டம்பர் 9-ல் ஜார்ஜியா மாநிலத்தின் டாசன் என்ற சிற்றூரில் பிறந்தவர். வளர்ந்தது மேக்கன் நகரத்தில். அப்பா பகுதிநேரப் போதகர். அதனால பையனுக்குப் பாட்டு சர்ச்சில்தான் தொடங்கியது. சோல் இசையே அப்படித்தானே! கறுப்பின மக்களின் சர்ச்சில் கடவுளை நோக்கிக் கசிந்த அதே குரலைக் காதலுக்கும் பிரிவுக்கும் திருப்பிவிட்டால் சோல். அப்பாவுக்குக் காசநோய் வர, சுமார் 15 வயசிலேயே பள்ளியை விட்டார். கிணறு வெட்டினார், பெட்ரோல் பங்க்கில் நின்றார். மேக்கனின் டக்ளஸ் தியேட்டரில் நடந்த பாட்டுப்போட்டியில் தொடர்ந்து 15 வாரம் ஜெயித்தார். பரிசு 5 டாலர்.

அடுத்து நடந்ததை சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டீங்க. 1962 அக்டோபர். கிட்டாரிஸ்ட் ஜானி ஜென்கின்ஸுக்கு மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில் ரெக்கார்டிங். ஜென்கின்ஸிடம் டிரைவிங் லைசென்ஸ் இல்லை. காரை ஓட்டிக்கிட்டு வந்தவர் 21 வயசு ஓட்டிஸ். ஜென்கின்ஸின் ரெக்கார்டிங் சரியா அமையலை. மிச்சமிருந்த நேரத்தில் இந்த டிரைவரையும் ஒருமுறை பாடவிடலாம்னு முடிவாச்சு. 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' என்ற தன் சொந்தப் பாட்டைப் பாடினார். அதுதான் அவருடைய முதல் ஹிட்.

ஸ்டாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். ஜிம் ஸ்டூவர்ட், எஸ்டெல் ஆக்ஸ்டன் என்ற அண்ணன் தங்கை இல்லை, தம்பி அக்கா நடத்திய கம்பெனி. ஸ்டூடியோ ஒரு பழைய சினிமா தியேட்டர். சீட்டை எல்லாம் எடுத்துட்டாங்க, சரிவான தரை அப்படியே இருந்தது. கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி இடம்னு பிரித்து வைத்திருந்த அந்த ஊரில், இந்தத் தியேட்டருக்குள் மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்சாங்க. கிட்டாரில் ஸ்டீவ் க்ராப்பர், கீபோர்டில் புக்கர் டி. ஜோன்ஸ், பேஸில் டொனால்ட் டன், டிரம்ஸில் ஆல் ஜாக்சன். எல்லாரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசிக்கணும். இன்னைக்கு மாதிரி தனித்தனியா எடுத்து ஒட்டுற வேலை கிடையாது. ஓட்டிஸுக்கு நோட்ஸ் எழுதத் தெரியாது. ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் என்ன வாசிக்கணும் என்பதை ஒவ்வொருத்தரிடமும் போய் வாயாலேயே பாடிக் காட்டுவார். அவருடைய பாட்டுகளில் அந்தக் காற்றுக் கருவிகள் இன்னொரு பாடகர் மாதிரி பதில் சொல்வது இதனால்தான்.

1965 ஜூலை 9, 10 தேதிகள். 'ஓட்டிஸ் ப்ளூ' ஆல்பத்தின் 11 பாட்டில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அந்த 24 மணி நேரத்தில் பதிவானவை. நடுவில் கிடைத்தது சில மணி நேர இடைவெளி. அதுவும் தூங்குறதுக்கு இல்லை, வாத்தியக்காரர்கள் வேற கச்சேரிக்குப் போகணும் என்பதற்காக. நள்ளிரவு தாண்டித் திரும்பி வந்து விடிய விடிய வாசிச்சாங்க. முந்தின டிசம்பரில் இறந்துபோன சாம் குக், ஓட்டிஸின் ஆதர்சம். அவருடைய மூணு பாட்டு இதில் இருக்கு. ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' இருக்கு. ஓட்டிஸே எழுதிய 'ரெஸ்பெக்ட்' இருக்கு. ஆமா, அரீதா ஃப்ராங்க்ளின் 1967-ல் பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோன அதே 'ரெஸ்பெக்ட்'! ஓட்டிஸிடம் அது உழைச்சுக் களைச்சு வீட்டுக்கு வர்ற ஆணின் கெஞ்சல். அரீதாவிடம் பெண்ணின் உரிமைக் குரல். என்னைக் கேட்டால் அரீதாவுடையதுதான் ஒரு படி மேல். ஓட்டிஸும் ஒரு பொண்ணு அந்தப் பாட்டைத் தன்கிட்டேயிருந்து எடுத்துக்கிட்டதா மேடையில் ஜாலியாகச் சொல்லிட்டார்.

அந்த மேடை, 1967 ஜூனில் கலிஃபோர்னியாவில் நடந்த மான்டெரே இசைவிழா. கூட்டத்தில் பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள். அவர்களில் பலருக்கு இவர் புதுசு. சனிக்கிழமை இரவின் கடைசி நிகழ்ச்சி. பாடியது ஐந்தே பாட்டு. கடைசிப் பாட்டு, 1932-லேயே எழுதப்பட்ட 'ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்'. தாலாட்டு மாதிரி ஆரம்பிக்கும். டிரம்ஸ் குச்சி கடிகார முள் மாதிரி டிக் டிக்னு தட்டிக்கிட்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா வேகம் ஏறி, முடியும்போது மொத்தக் குழுவும் வெடிக்கும். வீடியோ இருக்கு, பாருங்க. அதே ஆண்டு பிரிட்டனின் 'மெலடி மேக்கர்' வார இதழ் நடத்திய வாக்கெடுப்பில், வழக்கமாக எல்விஸ் ப்ரெஸ்லி வாங்கும் முதலிடத்தை ஓட்டிஸ் பிடித்தார்.

அந்தக் கோடையில் சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில், சாசலிட்டோவில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தபோது எழுத ஆரம்பித்ததுதான் 'டாக் ஆஃப் தி பே'. பிறகு தொண்டையில் ஆபரேஷன். வாரக்கணக்கில் பாடக்கூடாது, பேசவும் கூடாது. குரல் திரும்பியதும் ஸ்டாக்ஸுக்கு ஓடினார். பிற்பாடு வந்த நாலு ஆல்பங்களில் பெரும்பகுதி, கடைசி சில வாரங்களில் அவர் பதிவு செய்துவைத்த பாட்டுகள்தான். க்ராப்பரோடு உட்கார்ந்து கடல் பாட்டையும் முடித்தார். ஸ்டூவர்ட்டுக்கு அது பிடிக்கலை, சோல் மாதிரியே இல்லைன்னு நினைத்தார். மனைவி ஸெல்மாவுக்கும் பெரிசா ஒட்டலை. ஓட்டிஸ் ஒருத்தருக்குத்தான் அதன்மேல் முழு நம்பிக்கை.

டிசம்பர் 10, 1967. க்ளீவ்லேண்டில் நிகழ்ச்சி முடித்து மேடிசனுக்குப் பறந்த அவருடைய சின்ன விமானம், இறங்குவதற்குச் சற்று முன் உறைபனிக் குளிரில் மொனோனா ஏரியில் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் நாலு பேர் அவருக்கு வாசித்த 'பார்-கேஸ்' குழுவின் இளைஞர்கள். நீச்சல் தெரியாத ட்ரம்பெட்காரர் பென் காலி மட்டும் சீட் குஷனைப் பிடித்தபடி மிதந்து பிழைத்தார். ஓட்டிஸுக்கு 26 வயசு. மேக்கனில் நடந்த இறுதிச் சடங்குக்கு 4,500-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். முதல் ரெக்கார்டிங்கில் இருந்து கணக்குப் போட்டால், அவருக்குக் கிடைத்தது மொத்தமே ஐந்து வருஷம்.

அடுத்த ஆண்டு இன்னொரு அடி. விநியோக ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்தால், ஓட்டிஸின் மாஸ்டர் டேப்கள் அட்லாண்டிக் கம்பெனிக்குச் சொந்தம்னு ஸ்டாக்ஸுக்குத் தெரியவந்தது. ஆளும் இல்லை, குரலும் கையை விட்டுப் போச்சு.

இப்போ உங்க விஷயத்துக்கு வருவோம். எங்கே ஆரம்பிக்கிறது? ஹெட்போனை மாட்டிக்கிட்டு, 'ஐ'வ் பீன் லவிங் யூ டூ லாங்' போடுங்க. அந்தக் குரல் உடையப் போகுது, உடையப் போகுதுனு நினைப்பீங்க, உடையாது. அடுத்து 'ஓட்டிஸ் ப்ளூ' முழுசா. அப்புறம் மான்டெரே வீடியோ.

இதெல்லாம் முடிச்சுட்டு 'டாக் ஆஃப் தி பே'க்கு வாங்க. நீங்க கேட்டுப் பழகின வெர்ஷனில் வர்ற அலையும் பறவைச் சத்தமும், நண்பர் இறந்த துக்கத்தில் இருந்த க்ராப்பர் பிறகு சேர்த்தது. ஆனா அதே பாட்டின் முதல் டேக் ஒண்ணும் வெளியாகியிருக்கு, தேடிக் கேளுங்க. அதில் விசில் சரியாவே வராது. அலை கிடையாது. பறவைச் சத்தம் மட்டும் இருக்கும். அதை விளையாட்டா வாயாலேயே போடுறவர் ஓட்டிஸ்.