நின்ற இருதயத்தை ஓட வைத்த என்ஜினீயர்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருடத்தில் எத்தனை நாளோ, அத்தனை படி! ஆடிக் கிருத்திகை அன்று காவடி தூக்கிக்கொண்டு பக்தர்கள் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் பாதி வழியில் சாய்ந்து விடுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். பேச்சு இல்லை. மூச்சும் இல்லை. இருதயம் நின்று விட்டது. ஆஸ்பத்திரியோ மலைக்குக் கீழே. சில நிமிடங்களில் மூளை கெட ஆரம்பித்து விடும்.

பக்கத்தில் நிற்பவர் தம் இரண்டு கைகளாலேயே அந்த உயிரைக் காக்க முயலலாம். இதற்கு வழி காட்டியவர் வைத்தியர் அல்ல. மின்சார என்ஜினீயர்! பெயர், வில்லியம் கோவன்ஹோவன்.

கம்பத்தில் சாவு

கோவன்ஹோவன் 1886-ம் ஆண்டு அமெரிக்காவில் புரூக்ளின் என்ற இடத்தில் பிறந்தார். ஜெர்மனிக்குப் போய்ப் படித்துப் பட்டம் பெற்றார். 1914-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார்.

அந்தக் காலத்தில் ஊர் ஊராக மின்சாரக் கம்பி இழுத்தார்கள். கம்பத்தில் ஏறிய தொழிலாளிகள் மின்சாரம் தாக்கி மாண்டார்கள். இதைத் தடுக்க வழி உண்டா என்று மின்சாரக் கம்பெனிகள் கவலைப்பட்டன. கோவன்ஹோவன் ஆராய்ச்சியில் இறங்கினார்.

மின்சாரம் பட்டதும் இருதயம் தாறுமாறாகத் துடிக்கிறது. ரத்தம் ஓடுவது இல்லை. மறுபடி ஒரு முறை மின்சாரம் பாய்ச்சினால், துடிப்பு ஒழுங்குக்கு வருகிறது! நாய்களிடம் சோதித்து 1933-ல் இதைக் கண்டார்கள். கொன்ற மின்சாரமே பிழைக்கவும் வைத்தது.

மார்பைத் திறக்காமல் மின்சாரம் கொடுக்கும் கருவி 1957-ல் தயார் ஆயிற்று. ஆனால் அது மகா கனம். சக்கரம் வைத்துத் தள்ள வேண்டும். கம்பத்தடிக்கு அதை யார் கொண்டு போவது?

மாணவர் கண்டது

1958-ல் நிக்கர்பாக்கர் என்ற இளம் மாணவர் ஒன்றைக் கவனித்தார். மின்சாரம் கொடுப்பதற்காகக் கனமான தகடுகளை நாயின் மார்பில் அழுத்தினார். மின்சாரம் பாயும் முன்பே ரத்த அழுத்தம் ஏறியது! அழுத்தினாலே ரத்தம் ஓடுகிறது என்று தெரிந்தது.

அதற்கு முன் இருதயம் நின்றால் மார்பைக் கத்தியால் திறந்து, இருதயத்தைக் கையால் பிசைவார்கள். 1959-ல் ஒரு பெண்மணியின் இருதயம் நின்றது. ஜூட் என்ற டாக்டர் கத்தியை எடுக்கவில்லை. மார்பின் மேல் கை வைத்து அமுக்கினார். அந்தப் பெண்மணி பிழைத்துக் கொண்டார்.

1960 ஜூலையில் மூவரும் முடிவை வெளியிட்டார்கள். 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்திருந்தார்கள். (ஆந்திராவில் இருந்த திருத்தணி சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்ததும் அதே 1960-ல்தான்.) அந்த 20 பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள். வெளியே விழுபவர் பிழைப்பது அரிது. உதவி வரும் வரை யாரும் தொடாமல் நிற்பது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

செய்வது இதுதான். பெரியவர் ஒருவர் விழுந்து, கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் இல்லாமல் கிடந்தால், ஒருவர் 108-க்கு போன் செய்ய வேண்டும். மற்றவர் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, நடு மார்பில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை ஊன்றி, மறு கையை அதன்மேல் வைத்து, இரண்டு அங்குலம் பதிய அமுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மார்பு மேலே எழ விட வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. கை ஓய்ந்தால் அடுத்தவர் தொடர வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது.

1969-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கோவன்ஹோவனுக்கு வைத்தியத்தில் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. என்ஜினீயர், டாக்டர் ஆனபோது அவருக்கு வயது 83!

1975 நவம்பரில், 89-வது வயதில் அவர் காலமானார்.