மண்டையோட்டுக்கு முகம் கொடுத்தவர்

கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளுக்கு 2025-ல் முகம் கொடுத்தார்கள். மதுரை காமராஜர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை. தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் இருக்கும் நம் காலேஜ் ஆட்களுக்குள் அப்போது பெரிய சண்டை. 2500 வருஷத்து எலும்பிலிருந்து முகம் வருமா, இல்லை சும்மா கப்சாவா? இந்தக் கேள்விக்கே ஆயுளைக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. ரஷ்யாக்காரர் மிகாயில் கெராசிமோவ்.

1907-ல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, சைபீரியாவில் இர்குட்ஸ்க் நகரில் வளர்ந்தவர். அப்பா டாக்டர். பையனுக்கோ மண்ணைத் தோண்டுவதில்தான் பைத்தியம். 1928-ல் மால்டா கிராமத்தில் பழைய கற்காலக் குடியிருப்பைத் தோண்ட ஆரம்பித்தபோது வயது 20.

இன்னொரு பக்கம் பிணங்களோடு வேலை. நெற்றியில் எத்தனை மில்லிமீட்டர் சதை, கன்னத்தில் எத்தனை, தாடையில் எத்தனை என்று இறந்தவர்களின் முகங்களில் அளந்து அளந்து கணக்கு வைத்துக்கொண்டார். அந்தக் கனத்துக்கு மண்டையோட்டின் மேல் பூசிக்கொண்டே போனால் முகம் எழும்பி வரும். நம்ம பாஷையில் ரிவர்ஸ் என்ஜினியரிங்! ஆனால் காது, உதடு, மூக்கு நுனி இதற்கெல்லாம் எலும்பு சரியாகப் பதில் சொல்லாது. அங்கே டாலரன்ஸ் ஜாஸ்தி. மனுஷர் அந்த இடங்களில் சிற்பியாகிவிட்டார் என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். அதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் படுகிறது.

இருந்தாலும் 1939-ல் நடந்ததைக் கேளுங்கள். லெனின்கிராட் பக்கத்துக் காட்டில் எலும்புகள் சிதறிக் கிடந்தன. போலீஸ் இவரிடம் கொண்டுவந்தது. பன்னிரண்டு, பதிமூன்று வயசுப் பையன் என்றார். முகத்தையும் செய்து கொடுத்தார். அதைப் போட்டோ எடுத்து, வேறு பையன்களின் போட்டோக்களோடு கலந்து, மகனைக் காணாமல் தவித்த ஒரு தகப்பனிடம் காட்டினார்கள். அவர் சரியாக அதைத்தான் எடுத்தார். அந்த நிமிஷம் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே காலம் தள்ளுவதைவிட இது மேலா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உலகப் புகழ் வந்தது 1941 ஜூனில். 1398-ல் டெல்லியைச் சூறையாடினானே தைமூர், அவன் கல்லறையை சமர்கண்டில் திறந்தார்கள். வலது காலில் ஊனம் இருந்தது எலும்பிலேயே தெரிந்தது. நொண்டித் தைமூர் என்ற பேர் பொய்யில்லை. சில நாளில் ஹிட்லர் படை ரஷ்யாவுக்குள் நுழைந்ததால் கல்லறைச் சாபம் என்று ஒரு கதை கிளம்பியது, அதை விடுங்கள்.

1950-ல் மாஸ்கோவில் இந்த வேலைக்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் அமைந்தது. அறுபதுகளில் ஜார் மன்னன் பயங்கர இவானுக்கும் முகம் செய்தார். 1970-ல் காலமானார். களிமண் போய் இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எலும்புக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.